பிளேஸ்டேஷனைவிட 10,000 ரூபாய் குறைவு... நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 உண்மையிலேயே லாபமா?

இந்த வாரக் கேள்வி நீலகிரி மாவட்டம் கேத்தியிலிருந்து வந்திருக்கிறது. கேட்டிருப்பவர் ஒரு தாய்.

"மகன் பத்தாம் வகுப்பு. பரீட்சையில் நல்ல மார்க் எடுத்தால் கேமிங் கன்சோல் வாங்கித் தருவதாக அவனுடைய அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். அவர் பிக்-அப் ஓட்டுகிறார். கேரட், பீட்ரூட் மூட்டைகளை மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏற்றிப் போவார். கொஞ்சம் தேயிலையும் இருக்கிறது. பிளேஸ்டேஷன் 55,000 ரூபாய் என்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் புது நிண்டெண்டோ ஸ்விட்ச் 2-ஐ 45,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். பத்தாயிரம் மிச்சம்தானே, வாங்கிவிடலாமா?"

முதலில் சுருக்கமான பதில். ஸ்விட்ச் 2 நல்ல கன்சோல். அமெரிக்காவில் அது வெளியான விலையும் நியாயமான விலைதான். ஆனால், கேத்தியில் அந்தப் பத்தாயிரம் ரூபாய் அப்படியே கையில் நிற்காது. ஏன் என்று பார்ப்போம்.

பச்சைத் தேயிலை கிலோ 20 ரூபாய்க்குப் போகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 55,000 ரூபாய் என்பது 2,750 கிலோ இலை. உரம், பறிப்புக் கூலி எதையும் கழிக்காத கணக்கு இது. இவ்வளவு பணம் போகிற பொருளைப் பெட்டியில் ஒட்டியிருக்கும் விலையை மட்டும் பார்த்து வாங்க முடியாது.

அமெரிக்காவில் என்ன விலை?

நிண்டெண்டோ ஸ்விட்ச் 2, 2025 ஜூன் 5 அன்று வெளியானது. அமெரிக்க விலை 449.99 டாலர். அதே நேரத்தில் அங்கே டிஸ்க் டிரைவ் இல்லாத பிளேஸ்டேஷன் 5 டிஜிட்டல் எடிஷனும் 449.99 டாலர்தான். டிஸ்க் எடிஷன் 499.99 டாலர். மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், அதற்கு ஒரு மாதம் முன்புதான் 599.99 டாலராக ஏறியிருந்தது. சிறிய தம்பியான சீரிஸ் எஸ் 379.99 டாலர்.

ஆக, போட்டியாளர்களுக்கு நடுவில்தான் நிண்டெண்டோ தன் விலையை வைத்தது. டிவியிலும் விளையாடலாம், கையில் எடுத்துக்கொண்டும் போகலாம் என்ற வசதி மற்ற இரண்டு கம்பெனிகளின் கன்சோலிலும் கிடையாது. முதல் நான்கு நாள்களில் உலகம் முழுக்க 35 லட்சம் ஸ்விட்ச் 2 விற்றது என்று நிண்டெண்டோ அறிவித்தது. விலை அதிகம் என்று மக்கள் ஒதுக்கவில்லை என்பது அதிலேயே தெரிகிறது.

அதன் பிறகு போட்டியாளர்களின் விலை இன்னும் ஏறியது. 2025 ஆகஸ்ட்டில் பிளேஸ்டேஷன் 5 அமெரிக்காவில் 50 டாலர் கூடியது. அக்டோபரில் சீரிஸ் எக்ஸ் 649.99 டாலர் ஆனது. இதையெல்லாம் இணையத்தில் படிக்கும் பத்தாம் வகுப்புப் பையன், "ஸ்விட்ச்தான்மா சீப்" என்று சொன்னால் அவன் சொல்வது தப்பில்லை. அமெரிக்காவில் சீப்தான்.

மலையேறும் வழியில் விலையும் ஏறுகிறது

ஸ்விட்ச் 2 வெளியான நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. சோனியைப் போல, மைக்ரோசாஃப்ட்டைப் போல நிண்டெண்டோ இங்கே நேரடியாகக் கடை விரிக்கவில்லை. இங்கே கிடைக்கும் ஸ்விட்ச் எல்லாம் யாரோ ஒரு வியாபாரியோ, வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரோ கொண்டு வந்தவை.

முறையாக வரி கட்டி இறக்கினால் என்ன ஆகும்? 449.99 டாலர் என்பது அது வெளியான சமயத்தின் மாற்று மதிப்பில் ஏறத்தாழ 38,500 ரூபாய். வீடியோ கேம் கன்சோலுக்கான அடிப்படைச் சுங்க வரி, 2018 மத்திய பட்ஜெட்டில் 10 சதவிகிதத்திலிருந்து 20 சதவிகிதமாக உயர்ந்தது. அந்த வரியின் மேல் 10 சதவிகிதம் சமூக நலக் கூடுதல் வரி. இரண்டும் சேர்ந்து 22 சதவிகிதம். 38,500 ரூபாய் இப்போது 46,970 ஆகிறது. இதற்கு மேல் ஜி.எஸ்.டி. 2019 ஜனவரி 1 முதல் 28-லிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்த வரி இது. அதையும் சேர்த்தால் 55,400 ரூபாயைத் தாண்டுகிறது. சுங்க வரி போடுவது இறக்குமதி மதிப்பின் மேல்தான், கடை விலையின் மேல் கிடையாது. அதனால் இது தோராயக் கணக்கு. வியாபாரியின் லாபமும் இதில் சேரவில்லை.

எல்லா வரியும் கட்டி வந்த ஸ்விட்ச் 2-வின் விலை, பிளேஸ்டேஷன் 5 டிஸ்க் எடிஷனின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. அப்படியானால் 45,000 ரூபாய்க்கு எப்படித் தர முடிகிறது? மூன்று சாத்தியங்கள். ஒன்று, வரி கட்டாமல் வந்திருக்கலாம். இரண்டு, பிரித்துப் பயன்படுத்திய பெட்டியாக இருக்கலாம். மூன்றாவதுதான் பலருக்கும் தெரியாதது: அது ஜப்பான் மாடலாக இருக்கலாம்.

ஜப்பானில் நிண்டெண்டோ இரண்டு மாடல்களை விற்கிறது. 2025-ல் வெளியானபோது ஜப்பானிய மொழி மட்டும் உள்ள மாடல் 49,980 யென், அதாவது ஏறத்தாழ 29,500 ரூபாய். பல மொழி மாடல் 69,980 யென். விலை குறைந்த மாடலில் மெனு முழுக்க ஜப்பானிய மொழிதான். ஜப்பான் நாட்டுக் கணக்கை மட்டுமே அதில் இணைக்க முடியும். பெட்டி பார்க்க ஒரே மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்து ஆன் செய்த பிறகுதான் விஷயம் தெரியும்.

சோனி போடும் கணக்கு

இதே வரிகள் சோனிக்கும் உண்டு. ஆனாலும் பிளேஸ்டேஷன் 5 ஸ்லிம் 2024 ஏப்ரலில் இங்கே வந்தபோது டிஸ்க் எடிஷன் 54,990 ரூபாய், டிஜிட்டல் எடிஷன் 44,990 ரூபாய். அமெரிக்கக் கடை விலையை ரூபாய்க்கு மாற்றி, மேலே போட்ட அதே வரிக் கணக்கைப் போட்டால் டிஸ்க் எடிஷன் 60,000 ரூபாய் அளவுக்கு வர வேண்டும். ஒரு சந்தையில் நேரடியாக இறங்கும் கம்பெனி, அந்த ஊர் பர்ஸுக்கு ஏற்ற மாதிரி விலையைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். வெளியிலிருந்து வரும் பெட்டிக்கு அப்படிப் பிடிக்க யாருமில்லை.

இந்த விளையாட்டில் சோனிக்குப் பழைய அனுபவம் உண்டு. 1995 மே மாதம், லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த கண்காட்சியில் சேகா கம்பெனி தன் சாட்டர்ன் கன்சோலை 399 டாலருக்கு அறிவித்தது. அதே நாளில் சோனியின் அதிகாரி ஸ்டீவ் ரேஸ் மேடையேறி, "299" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். முதல் பிளேஸ்டேஷனின் விலை அது. பேச்சு அவ்வளவுதான்.

இந்தியாவிலும் சோனி ஓர் எண்ணைப் பிடித்துவைத்திருந்தது. 2007 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் 3 இங்கே வந்தபோது 39,990 ரூபாய். 2014 ஜனவரியில் பிளேஸ்டேஷன் 4 வந்தபோதும் 39,990 ரூபாய். 2021 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5 டிஜிட்டல் எடிஷனும் அதே 39,990 ரூபாய். 14 ஆண்டுகளில் பெட்ரோல், சிலிண்டர், ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் எங்கேயோ போனபோதும் அந்த எண் நகரவில்லை. 2022 நவம்பரில்தான் இங்கே விலை 5,000 ரூபாய் ஏறியது.

பெட்டியில் லாபமில்லை... பிறகு எங்கே?

பெட்டியை லாபமில்லாமலோ நஷ்டத்துக்கோ விற்றுவிட்டு, கேம்களிலும் சந்தாவிலும் சம்பாதிப்பது இந்தத் தொழிலின் பழைய வழக்கம். 2021-ல் எபிக் - ஆப்பிள் வழக்கில் சாட்சி சொன்ன மைக்ரோசாஃப்ட் அதிகாரி லோரி ரைட், எக்ஸ்பாக்ஸ் கன்சோல் விற்பனையில் மட்டும் கம்பெனி லாபம் பார்த்ததே இல்லை என்று நீதிமன்றத்திலேயே சொன்னார்.

அப்படியானால் வாங்குபவர் பார்க்க வேண்டியது, மூன்று ஆண்டுகளில் கையைவிட்டுப் போகப்போகும் மொத்தப் பணத்தை. ஆண்டுக்கு இரண்டு புது கேம், மூன்று ஆண்டுகளில் ஆறு கேம் என்று வைத்துக் கணக்குப் போடலாம். கன்சோல்களுக்கு அவை இந்தியாவில் அறிமுகமான விலையே எடுக்கப்பட்டிருக்கிறது. கடையில் இன்றைய விலையைக் கேட்டு எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஸ்விட்ச் 2: தெரிந்தவர் சொன்ன விலை 45,000. நிண்டெண்டோவின் 'மரியோ கார்ட் வேர்ல்ட்' 79.99 டாலர், ஏறத்தாழ 6,850 ரூபாய். எல்லா கேமும் அந்த விலை இல்லை என்பதால் சராசரியாக 6,000 என்று வைப்போம். ஆறு கேமுக்கு 36,000. மொத்தம் 81,000 ரூபாய்.

பிளேஸ்டேஷன் 5 டிஸ்க் எடிஷன்: 54,990. 'ஸ்பைடர்மேன் 2' போன்ற பெரிய கேம் இங்கே வந்தபோது 4,999 ரூபாய். ஆறு கேமுக்கு ஏறத்தாழ 30,000. மொத்தம் 85,000 ரூபாய்.

பிளேஸ்டேஷன் 5 டிஜிட்டல் எடிஷன்: 44,990. கேம் விலை அதே. மொத்தம் 75,000 ரூபாய்.

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்: 2020 நவம்பரில் வந்தபோது 34,990. பெட்டி விலையில் இதுதான் குறைவு. இதை வாங்குபவர்கள் பெரும்பாலும் கேம் பாஸ் என்ற மாதச் சந்தாவை நம்பித்தான் வாங்குகிறார்கள். கேம் பாஸ் அல்டிமேட், 2025 அக்டோபரில் மாதம் 829 ரூபாயிலிருந்து 1,389 ரூபாயாக ஏறியது. 36 மாதத்துக்கு 50,000 ரூபாய். மொத்தம் 85,000. சந்தாவை நிறுத்தினால் அதில் வந்த கேம்களும் போய்விடும். 499 ரூபாய் எசென்ஷியல் சந்தாவே போதும் என்றால் மொத்தம் 53,000 ரூபாய்தான். ஆனால், அதில் கேம்களின் எண்ணிக்கை குறைவு.

இப்போது அந்தப் பத்தாயிரத்தைத் தேடுங்கள். ஸ்விட்ச்சுக்கும் பிளேஸ்டேஷன் டிஸ்க் எடிஷனுக்கும் இடையே நிற்பது 4,000 ரூபாய். டிஜிட்டல் எடிஷனோடு ஒப்பிட்டால் ஸ்விட்ச்தான் 6,000 ரூபாய் அதிகம். பண்டிகை நேரத்தில் பிளேஸ்டேஷனுக்குச் சில ஆயிரம் ரூபாய் தள்ளுபடி வருவது வழக்கம். அது வந்தால் மிச்சமிருக்கும் வித்தியாசமும் காலி.

டிஸ்க் எடிஷனுக்கு ஏன் பத்தாயிரம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்?

ஒரே காரணம், விளையாடி முடித்த டிஸ்க்கை விற்கலாம். 4,999 ரூபாய் கேமைப் பாதி விலைக்கு விற்றாலும் 2,500 ரூபாய் திரும்ப வரும். நான்கு கேம் விற்றால் கூடுதலாகக் கொடுத்த பத்தாயிரம் கைக்கு வந்துவிடும். ஆறு கேமையும் விற்றால் 85,000 ரூபாய்க் கணக்கு 70,000-க்கு இறங்கிவிடும். செகண்ட் ஹேண்ட் டிஸ்க் வாங்கினால் இன்னும் குறையும். நண்பர்கள் இருவர் ஆளுக்கொரு கேம் வாங்கி மாற்றிக்கொண்டால் செலவு பாதிதான்.

ஸ்விட்ச் கார்ட்ரிட்ஜையும் இப்படி விற்கலாம். ஆனால், வாங்க ஆள் வேண்டும். அதிகாரபூர்வமாக விற்காத கன்சோலுக்கு மலையில் அந்த ஆளைத் தேடுவது சுலபமில்லை. இன்னொன்றும் உண்டு. ஸ்விட்ச் 2-க்கு வரும் பல கேம்களின் கார்ட்டில் கேம் இருக்காது, 'கீ' மட்டும்தான் இருக்கும். கேமைத் தனியாக டவுன்லோடு செய்ய வேண்டும்.

டவுன்லோடு என்றதும் நெட் கணக்கு

பெரிய கேம்கள் 100 ஜி.பி. அளவில் வருகின்றன. வீட்டில் ஃபைபர் இணைப்பு இருந்தால் ஒரே இரவில் முடியும். தினம் 2 ஜி.பி. தரும் மொபைல் ரீசார்ஜை நம்பினால், ஒரு கேமுக்கு 50 நாள்! அதுவரை வீட்டில் யாரும் யூடியூப் பார்க்கக் கூடாது. எனவே ஃபைபர் இல்லாத வீட்டுக்கு டிஜிட்டல் எடிஷனும் சீரிஸ் எஸ்-ஸும் சரிவராது. டிஸ்க் இருந்தால் கேமின் பெரும் பகுதி டிஸ்க்கிலிருந்தே ஏறிவிடும், அப்டேட் மட்டும் நெட்டில் வரும்.

ரிப்பேர் வந்தால் எங்கே போவது?

கேத்தியிலிருந்து ஊட்டியும் குன்னூரும் பக்கம். ஆனால், இது போன்ற பொருளுக்குச் சர்வீஸ் என்றால் மலை இறங்கிக் கோவைக்குப் போவதோ, கூரியரில் அனுப்புவதோதான் வழி. இந்தியாவில் வாங்கிய பிளேஸ்டேஷனுக்கு பில்லோடு ஓராண்டு வாரன்டி உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்த ஸ்விட்ச்சுக்கு அது விற்ற நாட்டில்தான் வாரன்டி. பழைய ஸ்விட்ச்சில் கன்ட்ரோலரின் குச்சி தானாக நகரும் 'டிரிஃப்ட்' பிரச்னை அமெரிக்காவில் வழக்கு வரை போனது. கையில் வைத்து ஆடும் பொருள் கீழேயும் விழும். திரை உடைந்தால் இங்கே உதிரிப் பாகம் தேடி அலைய வேண்டும். ஒரு பெரிய ரிப்பேர் வந்தால் மிச்சம் பிடித்த 4,000 ரூபாய் பத்தாது.

நீலகிரியின் ஈரப்பதத்தையும் கணக்கில் சேருங்கள். மழை மாதங்களில் பீரோவுக்குள் இருக்கும் துணியிலேயே பூஞ்சை பிடிக்கும் ஊர் அது. எந்தக் கன்சோலாக இருந்தாலும் சுவரோடு ஒட்டி, தரையில் வைக்க வேண்டாம். குளிரில் வெளியிலிருந்து கொண்டுவந்த பெட்டியைச் சற்று நேரம் அறையில் வைத்துவிட்டுப் பிறகு ஆன் செய்யுங்கள். ஈரம் பட்டுக் கெட்டால் வாரன்டி பெரும்பாலும் கை கொடுக்காது.

ஸ்விட்ச் யாருக்குச் சரி?

ஸ்விட்ச்சை ஒதுக்கிவிடத் தேவையில்லை. டிவியில் அப்பா நியூஸ் பார்க்கும்போது பையன் கையில் வைத்து ஆடலாம். கரன்ட் போனாலும் கேமைப் பொறுத்து 2 முதல் 6 மணி நேரம் வரை பேட்டரி தாங்கும். குடும்பமாக உட்கார்ந்து ஆட, சின்னப் பிள்ளைகளும் சேர்ந்து ஆட, மரியோ கேம்களுக்கு ஈடு இல்லை. எவ்வளவு நேரம் ஆடினான் என்று அம்மாவின் போனிலேயே காட்டும் ஆப் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் அங்கே கடையில் வாங்கி, பில்லோடு பல மொழி மாடலைக் கொண்டுவந்து கொடுத்தால் ஸ்விட்ச் நல்ல தேர்வுதான். யாரோ தெரிந்தவர், பில் இல்லாமல், 45,000 என்றால் வேண்டாம்.

இன்னும் ஓராண்டு பொறுத்தால் விலை குறையும் என்று காத்திருப்பதிலும் இப்போது பயனில்லை. 2000-ல் 299 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 2, 2009-ல் 99 டாலருக்கு இறங்கியது. அந்தக் காலம் முடிந்துவிட்டது. 2017-ல் வந்த பழைய ஸ்விட்ச்சின் விலையையே 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்காவில் 40 டாலர் ஏற்றினார்கள். பண்டிகைத் தள்ளுபடிக்குக் காத்திருங்கள், அது போதும்.

கேத்தி வீட்டுக்கு என்ன பதில்?

முதலில் மகனிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த மூணு கேம் ஆடப் போற தம்பி?" அவன் சொல்லும் பெயர்கள்தான் கன்சோலை முடிவு செய்ய வேண்டும். மரியோ, ஜெல்டா என்றால் அவை நிண்டெண்டோவில் மட்டும்தான். ஸ்பைடர்மேன் என்றால் 45,000 ரூபாய் கொடுத்து ஸ்விட்ச் வாங்கியும் அவன் முகம் வாடித்தான் இருக்கும். நண்பர்களோடு ஆடுவது பி.ஜி.எம்.ஐ. மட்டும்தான் என்றால், அதற்குக் கையில் இருக்கும் போனே போதும்.

பிளேஸ்டேஷன் என்று முடிவானால், இந்தக் குடும்பத்துக்குப் பொருத்தமானது டிஸ்க் எடிஷன். பண்டிகைத் தள்ளுபடியில், ஜி.எஸ்.டி. பில்லோடு, கடையில் வாங்குங்கள். முதல் கேம் புதியது, அடுத்தது செகண்ட் ஹேண்ட் என்று பழக்கிக்கொள்ளுங்கள். இ.எம்.ஐ. என்றால் 12 மாதத்துக்கு மாதம் 4,583 ரூபாய் வரும். 'நோ-காஸ்ட்' என்று எழுதியிருந்தாலும் பிராசஸிங் கட்டணம், அதற்கான ஜி.எஸ்.டி. எவ்வளவு என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தேயிலைக்கும் காய்கறிக்கும் விலை இறங்கும் மாதத்திலும் அந்தத் தவணை வரும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஸ்விட்ச்தான் வேண்டும் என்று மகன் உறுதியாக இருந்தால், பணம் கொடுக்கும் முன் தெரிந்தவரிடம் நான்கு விஷயம் கேளுங்கள்:

1. எந்த நாட்டு மாடல்? ஆன் செய்து மொழி மெனுவைக் காட்ட முடியுமா?

2. பில் உண்டா? அதில் சீரியல் எண் இருக்கிறதா?

3. பெட்டி பிரிக்காததா, பயன்படுத்தியதா?

4. ஆறு மாதத்தில் பழுதானால் சரி செய்து தருவது யார்? எழுதித் தருவாரா?

நான்குக்கும் நேரான பதில் வந்தால் மேற்கொண்டு விலை பேசலாம். ஒன்றுக்குப் பதில் வராவிட்டாலும் அந்த 45,000 ரூபாயைப் பத்திரமாக வையுங்கள். மகனிடம் காரணத்தைச் சொல்லி, இந்தக் கணக்கை அவனையே ஒரு முறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்புக் கணக்கைவிட இது சுலபம்தான்.